உண்மை பேசிய சென்டர் ஃபார்வர்ட்

போன மாதம் காலார நடந்து எங்கள் கல்லூரி மைதானத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் 'எங்கள்' என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. வாசலில் வாட்ச்மேன் இன்னும் சல்யூட் அடிக்கிறார், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். இப்போது அங்கே கால்பந்துப் பயிற்சியாளராக இருப்பவர் இளைஞர், கெட்டிக்காரர். பையன்களின் முதுகில் ஏதோ கருவியைக் கட்டி ஓடவிடுகிறார். இரண்டு கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் கேமரா வைத்திருந்தார்.

"இனிமே எந்தச் சண்டையும் வராது சார். பால் உள்ள போச்சா, கை பட்டுச்சா, எல்லாத்தையும் போட்டுப் பார்த்துடலாம். உங்க காலத்துல இதுக்கெல்லாம் என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"எங்க காலத்துல எபினேசர் இருந்தான்" என்றேன்.

"அது எந்த கம்பெனி சார்?"

அவருக்கு அன்று சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் பாதியில் விசில் ஊதப் போய்விட்டார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் தணிகாசலம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. நிலம் மனையாகி, மனை கடையாகி, அண்ணன்மார் வாடகை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் நான் பல்லாவரம் பக்கம் பந்து உதைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வடக்கே போய், சப்பாத்தி தின்று, பயிற்சியாளர் படிப்பு முடித்தேன். திரும்பி வந்ததும் இந்தக் கிறிஸ்தவக் கல்லூரியில் வேலை கிடைத்தது. நெற்றியில் திருநீறு, கழுத்தில் விசில். இரண்டையும் பற்றி அங்கே ஒருவரும் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதல்வர் மட்டும் ஒருமுறை, விசில் சத்தம் ஆராதனைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றார்.

முதல்வர் பாக்கியநாதன் ஐயாவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். வேதியியல்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, கறுப்புக் குடை. வாழ்நாளில் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. அதற்குப் பதிலாக, "ஜெபிச்சுப் பார்ப்போம், தணிகாசலம்" என்பார். புதுப் பந்து கேட்டேன், ஜெபித்துப் பார்ப்போம் என்றார். முதலுதவிப் பெட்டி கேட்டேன், அதற்கும் அதுதான். அவர் உண்மையிலேயே ஜெபித்தார் என்பதுதான் எரிச்சல். மறுநாள் எதிரே வந்து, "உங்க பந்துக்காக ராத்திரி ஜெபிச்சேன்" என்று அக்கறையாகச் சொல்வார். அதற்குமேல் மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஆனால் ஒரு ஆட்டத்தையும் விடாமல் பார்க்க வருவார். பந்தலில் நாற்காலி போட்டிருப்போம், உட்கார மாட்டார். ரயில் தண்டவாளம் இருக்கும் பக்கத்து கோல் கம்பத்துக்குப் பின்னால், வேப்பமர நிழலில், குடையை விரித்துக்கொண்டு நிற்பார். ஏன் என்று கேட்டேன்.

"பந்து கடைசியில இங்கதானே வந்து சேரணும்? இங்கயே நின்னுட்டா தேட வேண்டாம் பாருங்க."

விளையாட்டின் விதிகள் அவருக்கு ஏறவே இல்லை. கார்னர் கிக் அடிக்கப் போன பையனைப் பார்த்து, "பாவம், அவனை எதுக்கு மூலையில நிறுத்திட்டாங்க?" என்று வருத்தப்பட்டவர். ஆஃப்சைடை நான் செங்கல் அடுக்கி விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளைங்களை முன்னேறுங்க முன்னேறுங்கன்னு சொல்லி வளர்க்கிறோம். முன்னால போனா தப்புங்கிறீங்களே" என்றார். அன்றோடு விளக்குவதை விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர்க் கல்லூரிகளில் யாரிடமும் இல்லாத வழக்கம் ஒன்று எங்களிடம் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணிகளையும் நடுவட்டத்தில் நிறுத்திக் கல்லூரிப் போதகர் ஜெபம் செய்வார். நியாயமான மனிதர். எங்களுக்காக மட்டும் வேண்டிக்கொள்ள மாட்டார். எதிரணிக்காக, நடுவருக்காக, எதிரணி வந்த பஸ்ஸுக்காக, அந்த பஸ் திரும்பிப் போகும் பெருங்களத்தூர் நெரிசலுக்காக எல்லாம் நிதானமாக வேண்டுவார். உடம்பைச் சூடேற்றிக்கொண்டு வந்த எதிரணிப் பையன்கள் வெயிலில் கைகட்டி நின்று விறைத்துப்போவார்கள். எங்கள் பையன்களுக்கு நான் தனியாகப் பயிற்சி கொடுத்திருந்தேன். கண் மூடியிருக்க வேண்டும், தலை குனிந்திருக்க வேண்டும், குதிகால் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 'ஆமென்' என்றதும் பாய வேண்டும். அந்தப் பருவத்தில் நாங்கள் போட்ட கோல்களில் பாதி, ஆமென் சொன்ன சூட்டில் விழுந்தவை. போதகர் இதைக் கடைசிவரை ஜெபத்தின் பலன் என்றே நம்பினார். ஒரு வகையில் அது சரிதான்.

இப்போது எபினேசர். பல்லாவரத்துப் பையன். அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை. சென்டர் ஃபார்வர்ட், அதாவது கோல் அடிக்கிற வேலை அவனுடையது. அதை அவன் மட்டும்தான் செய்தான். மற்றவர்கள் அவனிடம் பந்தைக் கொடுத்துவிட்டுக் கைதட்டுவார்கள். எந்தச் சந்திலும் நுழைவான், எந்தச் சட்டையையும் இழுப்பான், நடுவர் பார்த்தால் தானே அடிபட்ட மாதிரி விழுந்து புரள்வான். ஒரு பயிற்சியாளர் கேட்டு வாங்க முடியாத பிள்ளை.

அந்த வருஷம் மாணவர்களை தியான முகாமுக்கு அழைத்துப் போனார்கள். வந்திருந்த பேச்சாளர், சின்ன விஷயத்திலும் உண்மையாக இருங்கள் என்று உருக்கமாகப் பேசியிருக்கிறார். எல்லாரும் அழுதார்கள். ஊர் திரும்புவதற்குள் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. எபினேசருக்கு மட்டும் சரியாகவில்லை.

முகாமுக்குப் பிறகு நடந்த முதல் லீக் ஆட்டத்தில் அருமையாக ஒரு கோல் போட்டான். நடுவர் கஜேந்திரன் விசில் ஊதி, கோல் என்று கை காட்டினார். கஜேந்திரன் கீழ்க்கட்டளைக்காரர், அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர், விறைப்பான ஆள். எபினேசர் அவரிடம் போய்க் கைகட்டி நின்றான்.

"சார், கை பட்ச்சி சார்."

"யார் கை?"

"என் கைதான் சார். கோல் இல்ல சார்."

"நான் பாக்கல. கோல்தான். போ."

"நீங்க பாக்கல சார், ஆனா பட்ச்சி சார்."

"இன்னாப்பா, நான் ரெஃப்ரீயா நீ ரெஃப்ரீயா?" என்று கஜேந்திரன் மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். நடுவரின் முடிவை எதிர்த்துப் பேசினால் எச்சரிக்கை அட்டை. அதுதான் விதி. தனக்குச் சாதகமான முடிவை எதிர்த்தவனுக்கு என்ன செய்வது என்று விதிப் புத்தகம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில், வெளியே போன பந்தை உள்ளே எறியும் த்ரோ தங்களுடையது இல்லை என்று மறுபடி போய் நின்றான். இரண்டாவது மஞ்சள், உடனே சிவப்பு. உண்மை பேசியதற்காக மைதானத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒரே ஆட்டக்காரன் என் பிள்ளையாகத்தான் இருப்பான்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு விட்டிருக்கலாம். ஆனால் அதே வாரம் முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். குடை மூலையில் சாய்ந்திருந்தது. முகம் சரியில்லை.

"தணிகாசலம், தாளாளர் நம்ம மைதானத்துல கலையரங்கம் கட்டணும்ங்கிறார். பிளான் எல்லாம் போட்டாச்சு. இந்த வருஷம் கோப்பை வந்தா, நான் அதை மேஜை மேல வச்சுப் பேசிப் பார்ப்பேன். வரலைன்னா கடப்பாரை இறங்கிடும்."

ஜெபித்துப் பார்ப்போம் என்று அவர் சொல்லவில்லை. அதில்தான் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மைதானம் போனால் கால்பந்து போகும். கால்பந்து போனால் அங்கே எனக்கு என்ன வேலை? கலையரங்கத்தில் திரை இழுக்கச் சொல்வார்கள். அதைவிட, மாலையில் அந்த மண்ணில் ஓடுகிற பையன்கள் எங்கே போவார்கள்? தாம்பரத்தைச் சுற்றிக் காலி மனை என்று ஒன்று மிச்சமில்லை. வெறும் இடம் கண்ணில் பட்டாலே நம் ஜனங்களுக்குக் கை துறுதுறுக்கும்.

"கோப்பை வரும் ஐயா. ஆனா எபினேசர் உண்மை பேசறான்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான் ஐயா. அதான் பிரச்சினை."

கதையைச் சொன்னேன். முதல்வர் நெற்றியைத் தேய்த்தார்.

"ஒரு கிறிஸ்தவக் கல்லூரி முதல்வர், மாணவனைக் கூப்பிட்டு உண்மை பேசாதேன்னு எப்படிய்யா சொல்றது? ஒண்ணு செய்ங்க. தப்புன்னு ஒத்துக்கிற மாதிரி எதையும் செய்யாம விளையாடச் சொல்லுங்க."

செய்து பார்த்தேன். எதையும் செய்யாமல் விளையாடச் சொன்னதும் எபினேசர் உண்மையிலேயே எதையும் செய்யவில்லை. எதிராளி அருகில் வந்தால் வழிவிட்டான், இடித்தால் மன்னிப்புக் கேட்டான். அடுத்து போதகரிடம் போனேன். ஆட்டத்துக்கு முந்தைய ஜெபத்திலேயே, இனி நடக்கப்போகிற ஃபவுல்களுக்கெல்லாம் மொத்தமாக மன்னிப்புக் கேட்டுவிட்டால் பையன் நிம்மதியாக ஆடுவானே என்றேன். போதகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அட்வான்ஸா மன்னிப்பு வாங்குற ஏற்பாடு எங்க சபையில இல்லீங்க" என்றார்.

கடைசியாக எபினேசரையே உட்காரவைத்தேன்.

"டேய், ரெஃப்ரீ கேட்டா சொல்லு. கேக்காம போய் ஏன்டா சொல்ற?"

"மன்சு கேக்கல சார்."

"மைதானம் போயிடும்டா."

"தெரியும் சார்." கண் கலங்கியிருந்தது. "இன்னா சார் பண்றது? வாய் தானா தொறந்துகுது சார்."

அடிக்கக் கை ஓங்கலாம் என்றால், எதற்காக என்று சொல்லி அடிப்பது?

எப்படியோ இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். அதற்குள் கஜேந்திரனும் மாறியிருந்தார். சந்தேகமான பந்து என்றால், விசிலை வாயில் வைத்தபடி எபினேசரைத்தான் திரும்பிப் பார்ப்பார். எபினேசர் எந்தப் பக்கம் கை காட்டுகிறானோ அந்தப் பக்கம் ஊதுவார். எதிரணிப் பையன்களும், "எபி, யார் மேலடா பட்ச்சி?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நேராகப் போய்ப் பந்தை எடுத்துக்கொள்வார்கள். சண்டை என்பதே இல்லாமல் போயிற்று.

இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில். எதிரணி படப்பைப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி. கோப்பை கொடுக்கத் தாளாளரே வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார். அன்று காலை நான் செய்த முக்கியமான வேலை வலை கட்டியது. தண்டவாளப் பக்கத்து கோல் வலையில், பக்கவாட்டில், தெரு ஆடு ஒன்று கடித்துத் தின்ற ஓட்டை இருந்தது. புது வலை ஜெபத்தில் இருந்தது. சணலை இரட்டையாகத் திரித்து, ஓட்டையின் நான்கு பக்கமும் இழுத்து முடிச்சுப் போட்டேன். கால்பந்தில் இது சின்ன விஷயம் இல்லை. பந்து முன்பக்கமாக, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கோட்டைக் கடந்தால்தான் கோல். பக்கத்து ஓட்டை வழியாக வலைக்குள் நுழைந்தால் அது வெளியே போன பந்துதான், கணக்கில்லை. கஜேந்திரன் வந்து முடிச்சை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

முதல் பாதியில் எபினேசர் ஒரு கோல் போட்டான். பிறகு நடுவரைப் பார்த்துத் தன் வலது கையைத் தானே தூக்கினான். கோல் போயிற்று. நான் தண்ணீர் பாட்டிலை எறிந்தேன். அது போதகர் மேல் பட்டது.

இரண்டாவது பாதியில் தண்டவாளப் பக்கம் எங்கள் கோல். முதல்வர் வழக்கம்போல அதற்குப் பின்னால், குடையோடு. ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணி ஃபார்வர்ட் ஓரத்தில் இருந்து ஓங்கி ஒரு உதை விட்டான். புழுதி. புழுதி அடங்கியபோது பந்து வலைக்குள் கிடந்தது. சணல் அறுந்து தொங்கியது, உள்ளிருந்து பட்டு அறுந்ததா வெளியிலிருந்தா என்று தெரியவில்லை. எங்கள் கோல்கீப்பர், பக்கத்து ஓட்டை வழியா வந்துச்சு என்று கத்தினான். எல்லாக் கோல்கீப்பரும் அப்படித்தான் கத்துவார்கள். எதிரணி, கோல் என்று குதித்தது. உதைத்தவன் மட்டும் இடுப்பில் கைவைத்துக் குழம்பி நின்றான்.

கஜேந்திரன் எபினேசரைப் பார்த்தார். அவன் நடுக்கோட்டில் இருந்தான்.

"நான் பாக்கல சார்" என்றான்.

அந்த இடத்தில் பந்தைப் பார்த்த மனிதர் ஒரே ஒருவர்தான். கஜேந்திரன் வலையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"வேடிக்கை பாக்குறவங்களைக் கேக்கக் கூடாது. ரூல் இல்ல!"

"ஒரு மாசமா உன் பிள்ளைய கேட்டுக்கினுதான ஊதறேன். அதுக்கு எந்த ரூல் கீது?" என்று சொல்லிவிட்டு, முதல்வரிடம் பணிவாகக் கேட்டார். "ஐயா, இது கோலா?"

முதல்வர் பந்தலைப் பார்த்தார். அங்கே தாளாளர் எழுந்து நின்றிருந்தார். எபினேசரைப் பார்த்தார். அவன் கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். குடையை மெதுவாக மடக்கினார்.

"கோல்தான். என் கண்ணால பார்த்தேன்."

அதோடு ஆட்டம் முடிந்தது, கோப்பை போயிற்று. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தக் கட்டுரையைப் பிரசுரிக்க மாட்டார்கள். எபினேசர் மட்டும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பரிசளிப்பு. கோப்பையை எதிரணி கேப்டன் கையில் கொடுத்துவிட்டுத் தாளாளர் மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது.

"இந்தக் கோப்பை வந்தா மைதானம் தப்பிக்கும்னு எனக்கும் தெரியும், நம்ம முதல்வருக்கும் தெரியும். தெரிஞ்சும் அவர் உண்மையைச் சொன்னார். இப்படிப்பட்ட ஒருத்தர் நிக்கிற மண்ணுல கடப்பாரை போட எனக்கு மனசு வரலை. கலையரங்கத்தை வேற இடத்துல பார்த்துக்கலாம்."

பந்தல் அதிர்ந்தது. நான் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். பார்த்தால் கஜேந்திரன். முதல்வருக்குக் கண்ணில் நீர். பேசவே தெரியாதவர், அந்த வேகத்தில் மைக்கை வாங்கினார்.

"நம்ம பிள்ளைங்க தோத்தாங்க. ஆனா அந்தப் படப்பைத் தம்பியைப் பாராட்டாம இருக்க முடியாது. முன்னாடி அவ்வளவு பெரிய வாசல் திறந்து கிடக்கு. அதுல யார் வேணும்னாலும் அடிப்பாங்க. தம்பி என்ன பண்ணினார்? பக்கத்துல இருக்கிற அந்தச் சின்ன ஓட்டையைக் குறி பார்த்து, அதுக்குள்ள அடிச்சார் பாருங்க!"



படப்பைக் கேப்டன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். கஜேந்திரன் இருமினார். எங்கள் கோல்கீப்பர் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். கால்பந்து தெரிந்த அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அது கோலே இல்லை. முதல்வர் பொய் சொல்லவில்லை, பாவம், பந்து வலைக்குள் வந்தால் கோல் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். தாளாளருக்கும் கால்பந்து தெரியாது, எங்கள் நல்ல காலம். ஆனால் யாராவது வாய் திறந்தால், அவர் உருகிக் கொடுத்த வரம் அங்கேயே உருகிப்போகும். சத்தியத்துக்காகக் கொடுத்த மைதானம், விதி தெரியாததற்குக் கிடைக்குமா?

"ஏன் எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கறீங்க?" என்றார் முதல்வர். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் குறைய ஆரம்பித்தது. "அப்படி ஓட்டை வழியா வந்தா, அது கோல் இல்லையா?"

கஜேந்திரன் விசிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எபினேசர், நீ சொல்லுப்பா. நீதான் பொய் சொல்ல மாட்டே."

என் பிராணன் போயிற்று. எபினேசர் எழுந்தான். நான் அவன் பனியனின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன், அவன் உட்காரவில்லை. வாய் தானாகத் திறந்தது. முதல்வர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையைப் போல.

"கோல்தான் சார்" என்றான் எபினேசர்.

மூச்சு வந்தது எனக்கு. அவன் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பொய்யை எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அந்த மாரி ஓட்டைல அட்ச்சா... செல டைம்ல ரெண்டு கோலாவே எட்த்துப்பாங்க சார்."

"பார்த்தீங்களா!" என்றார் முதல்வர், தாளாளரிடம். தாளாளர் பெருந்தன்மையாகக் கைதட்டினார். அவரைப் பார்த்து எல்லாரும் தட்டினோம். கஜேந்திரன்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு எபினேசர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் வேலையில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு விலை கொடுத்து எனக்காக எதையும் செய்தவன் வேறு யாரும் இல்லை.

"பொய் சொல்ட்டேன் சார்."

"ஆமாம்டா."

"எப்டி சார் இருந்துச்சி?"

"முதல் வரி பிரமாதம். அதோட நிறுத்தியிருக்கணும். ரெண்டாவது டச் தேவையே இல்லை."

சிரிக்கப் பார்த்தான், அழுகை வந்துவிட்டது. "மன்சு ரொம்ப பேஜாரா கீது சார். இத்த இன்னா சார் பண்றது?"

"ஓடுடா" என்றேன். "ஓடித் தீத்துக்கோ. எவ்வளவு வேணும்னாலும் ஓடலாம். மைதானம் நம்மளுது."

ஓடினான். நான் அறுந்த சணலை எடுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குப் புறப்பட்ட முதல்வர் என் பக்கத்தில் வந்து நின்று அவனைப் பார்த்தார்.

"பாவம், தோத்ததுக்காகவா பிள்ளையை ஓடவிடறீங்க?"

"இல்லீங்க ஐயா" என்றேன். "ஜெயிச்சதுக்கு."